டர்பனில் ஒரு தனியார் கல்லூரியின் விதிப்புத்தகம்: மகள் பட்டம் முடித்தபின் எழுதும் விமர்சனம்

கல்லூரியைப் பற்றி எழுதுகிறவர்கள் கட்டடம், லைப்ரரி, பார்க்கிங், வேலை கிடைக்குமா என்பதையெல்லாம் எழுதிவிடுகிறார்கள். விதிப்புத்தகத்தைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வருடம் தொடங்கும்போது பி.டி.எஃப். ஆக அனுப்புவார்களே, ஸ்டூடன்ட் ஹேண்ட்புக், அதைத்தான் சொல்கிறேன். நாம் கட்டுகிற ஃபீஸுக்கு உண்மையில் என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்பது முழுக்க அதில்தான் இருக்கிறது. என் மகள் 2022ல் இங்கே பி.காம். சேர்ந்து 2024 கடைசியில் முடித்தாள். சேர்வதற்கு முன்பே இருவருமாக உட்கார்ந்து புத்தகத்தை முழுக்கப் படித்தோம். அப்புறம் ஒவ்வொரு விதியும் நடைமுறையில் எப்படி இருந்தது என்றும் பார்த்தோம். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை, இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் பலவற்றின் விதிகள் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கின்றன.

முதலிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: 5க்கு 3. விதிகள் பெரும்பாலும் நியாயமானவை, சில ரொம்பவே நல்லவை. ஆனால் புத்தகம் முழுக்க மாணவருக்கு மட்டும்தான் கெடு. அப்பீல் செய்ய 5 வேலை நாள், மருத்துவச் சான்று கொடுக்க 3 வேலை நாள், மதக் காரணத்துக்கு விலக்கு கேட்கச் செமஸ்டர் தொடங்கி 10 வேலை நாள். கல்லூரி எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று தேடினால் ஓரிடத்திலும் இல்லை, "உரிய காலத்தில்" என்று மட்டும் இருக்கிறது. இரண்டு மதிப்பெண் குறைந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சில அடிப்படை விஷயங்கள். தென்னாப்பிரிக்காவில் தனியார் கல்லூரி பட்டம் கொடுக்க வேண்டுமென்றால் உயர்கல்வித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், படிப்புக்கு உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் வேண்டும், அந்தப் பட்டம் சாக்வா எனப்படும் தகுதி ஆணையத்தின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். பதிவான கல்லூரிகளின் பட்டியலைத் துறையே வெளியிடுகிறது, இலவசமாகப் பார்க்கலாம். இந்தக் கல்லூரியின் புத்தகத்தில் பதிவு எண் முதல் பக்கத்திலேயே இருந்தது, பட்டியலில் சரிபார்த்தோம், சரியாக இருந்தது. இன்னொன்று, அரசு கொடுக்கிற என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவித்தொகை அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசின் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டும்தான். குடும்ப வருமானம் வருடம் 3,50,000 ரேண்டுக்குள் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் தனியார் பக்கம் வரவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தனியாரில் சேர்ந்துவிட்டு உதவித்தொகை வரும் என்று காத்திருந்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

கிரெடிட் கணக்கைப் புத்தகம் நன்றாக விளக்குகிறது. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் சேர்த்துத்தான் அந்த 10 மணி. வருடத்துக்கு 120 கிரெடிட், பட்டத்துக்கு 360. அதாவது ஒரு வருடத்துக்கு 1,200 மணி நேரம். "வாரத்தில் மூன்று நாள்தானே வகுப்பு, மீதி நாள் கடையில் வந்து உட்காரேன்" என்று பிள்ளையைக் கூப்பிடுகிற வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. 16 கிரெடிட் மாட்யூல் (பாடம்) ஒன்றுக்கே 160 மணி நேரம் வேண்டும் என்று கணக்குக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டில் நின்றது.

தேர்ச்சி 50, டிஸ்டிங்ஷன் 75. மெட்ரிக்கில் (இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை) சில பாடங்களை 30, 40 விழுக்காட்டில் தாண்டிப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டரில் இது பெரிய அதிர்ச்சியாக இருக்கிறது. 45லிருந்து 49 வரை வந்தால் சப், அதாவது துணைத்தேர்வு, எழுதலாம். சப்பில் எவ்வளவு எடுத்தாலும் மார்க் ஷீட்டில் 50தான் ஏறும். சிலர் இதை அநியாயம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தடவையே பாஸ் செய்தவருக்கும் ஒரு மரியாதை வேண்டுமே.

இப்போது டி.பி. பற்றி. பரீட்சை எழுதத் தகுதி பெறுவதைத்தான் இங்கே டி.பி. என்பார்கள். வருகை 80 விழுக்காடு, செமஸ்டர் வேலைகளில் சராசரி 40. இரண்டில் எது குறைந்தாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது, அந்த மாட்யூலுக்குத் திரும்பவும் ஃபீஸ் கட்டிப் படிக்க வேண்டும். விதியில் எனக்குக் குறை இல்லை. வகுப்புக்கே வராதவர் பரீட்சை எழுதி என்ன ஆகப்போகிறது? ஆனால் வருகையைக் கணக்கெடுக்கிற முறை மோசம். 2022 ஏப்ரலில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், பாதைகள் அடித்துக்கொண்டு போயின. நாங்கள் இருப்பது டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில், இங்கே குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றோம். அந்த வாரங்களில் கல்லூரி வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றியது, அது நல்ல முடிவு. ஆனால் வகுப்பு தொடங்கி 10 நிமிடத்துக்குள் லாகின் ஆகாதவர்களை ஆப்சென்ட் என்று கணினியே குறித்துவிட்டது. நெட்வொர்க் விட்டு விட்டு வந்துகொண்டிருந்த நேரம் அது. மகளின் வருகை ஒரு மாட்யூலில் 76க்கு இறங்கியது.

விலக்கு கேட்கப் புத்தகத்தில் வழி இருக்கிறது, அதற்கான படிவமும் இருக்கிறது. வார்டு கவுன்சிலர் அலுவலகத்துக் கடிதம், போலீஸ் நிலையத்தில் முத்திரை வாங்கிய அஃபிடவிட் (இங்கே அதற்குக் காசு கிடையாது, எந்தப் போலீஸ் நிலையத்திலும் செய்து தருவார்கள்) எல்லாம் வைத்து மகள் கெடுவுக்குள் கொடுத்தாள். பதில் எப்போது வந்தது தெரியுமா? பரீட்சைக்கு முந்தின நாள் மாலை. அனுமதி கொடுத்துவிட்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எழுத முடியுமா முடியாதா என்று தெரியாமலே ஒரு பதினெட்டு வயதுப் பெண் அத்தனை வாரம் படித்துக்கொண்டிருந்தாள், ராத்திரி தூக்கமில்லை. ஆறு மாட்யூல் ஃபீஸ் வாங்குகிற இடத்தில் ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு வாரக் கெடு வைக்க முடியாதா? இதை ஒவ்வொரு வருடமும் அவர்களிடம் கேட்டேன், எழுத்திலும் கேட்டேன்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) விதி மட்டும் அருமை, அதற்கு முழு மதிப்பெண். 2023ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ஆன்லைன் டெஸ்ட் நடுவில் கரண்ட் போனால் மின்வெட்டு நேரத்தைக் காட்டுகிற எஸ்கொம்செபுஷ் ஆப்பில் நம் ஏரியா அட்டவணையைப் படம் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் போதும், கேள்வி கேட்காமல் வேறு நேரம் கொடுத்தார்கள். அட்டவணையில் இல்லாமல் திடீரென்று போனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்ட கடிதம் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். யாரோ மக்களின் நிலைமை தெரிந்தவர் எழுதிய விதி. மற்ற விதிகளையும் அவரிடமே கொடுத்திருக்கலாம்.

நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது தீபாவளி. தென்னாப்பிரிக்காவில் தீபாவளி பொது விடுமுறை கிடையாது, வருடக் கடைசிப் பரீட்சைகளோ அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும்தான். 2022ல் அக்டோபர் 24, திங்கள். 2024ல் அக்டோபர் 31, வியாழன். கல்லூரி விதிப்படி மதக் காரணத்துக்கு விலக்கு கேட்க இரண்டாம் செமஸ்டர் தொடங்கி 10 வேலை நாள்தான் கெடு, அதாவது ஜூலையிலேயே கேட்டாக வேண்டும். பரீட்சை அட்டவணையோ செப்டம்பரில்தான் வருகிறது! அன்று பரீட்சை இருக்குமா என்றே தெரியாமல் விலக்கு கேட்கச் சொல்கிறார்கள். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஜூலை வந்ததும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியைக் குறித்து, கோயில் கமிட்டியிடம் ஒரு கடிதம் வாங்கி, பரீட்சை வருகிறதோ இல்லையோ, படிவத்தைக் கொடுத்து ஏற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகள் அப்படித்தான் செய்தாள். 2024ல் சரியாகத் தீபாவளி அன்று காலையில் ஆடிட்டிங் பேப்பர் விழுந்தது, தனித் தேர்வுக்கு அனுமதி கிடைத்தது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தனித் தேர்வைச் சப் எழுதுகிறவர்களோடு சேர்த்துத்தான் வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு முதல் பரீட்சை, தவறினால் சப் என்று இரண்டு வாய்ப்பு. தீபாவளிக்கு விலக்கு வாங்கியவருக்கு ஒரே வாய்ப்பு. 46 எடுத்தால் அடுத்த வருடம் மாட்யூலைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான். பண்டிகை கொண்டாடியதற்குப் பிள்ளை கொடுக்கிற விலை இது, சரியே இல்லை. தோழிகள் இரண்டு பேர் இதற்குப் பயந்தே தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேரே பரீட்சைக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு. டர்பனில் ஒரு பள்ளி மாணவி மூக்குத்தி போட்டு வந்ததற்குப் பள்ளி விதியைக் காட்டிக் கழற்றச் சொன்னார்கள். தாயார் விடவில்லை. கடைசியில் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2007ல் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு வந்தது, அந்தக் குடும்பப் பெயரை வைத்து 'பிள்ளை' (Pillay) வழக்கு என்று சொல்வார்கள். அது தென்னிந்தியத் தமிழ் இந்துக் குடும்ப வழக்கம், கட்டாயக் கடமையாக இல்லாமல் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கிற வழக்கமாக இருந்தாலும் பாதுகாப்பு உண்டு, பள்ளி விலக்கு கொடுத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சீருடை விதியே கூடாது என்று சொல்லவில்லை, விதியில் விலக்குக்கு நியாயமான வழி இருக்க வேண்டும் என்றது. கல்லூரியில் நீங்கள் விலக்கு கேட்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்காதீர்கள். இந்த ஊரில் நம்மவர் ஒருவர் வாங்கிக் கொடுத்த உரிமை அது.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிற பிள்ளைகளுக்குப் பிரச்சினை குறைவு, அது ஜனவரி, பிப்ரவரியில் ரிஜிஸ்ட்ரேஷன் சமயத்தில் வரும். தாமதக் கட்டணம் விழாமல் முன்னாலேயே பதிவு செய்துவிட்டால் போதும்.

துக்க விதிக்கு வருகிறேன். நெருங்கிய உறவு என்று புத்தகம் போட்டிருக்கிற பட்டியல்: பெற்றோர், உடன்பிறந்தவர், கணவன் அல்லது மனைவி, பிள்ளை, தாத்தா பாட்டி. அவ்வளவுதான். மகள் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவளுடைய பெரியப்பா தவறிவிட்டார். நாங்கள் எல்லோரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. காலையில் அவளைப் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டதே அவர்தான். தகனத்தன்று அவளுக்கு டெஸ்ட். "பெரியப்பா பட்டியலில் இல்லை" என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மகள் விடவில்லை. ஒரே முகவரி என்பதற்குக் கரண்ட் பில், மறுபடியும் போலீஸ் நிலைய அஃபிடவிட், புரோகிதர் கடிதம் எல்லாம் வைத்து அப்பீல் செய்தாள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் பதில் வந்தது. மாற்று டெஸ்ட் கொடுத்தார்கள், அந்தப் பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டு ஆறுதலும் சொன்னார், அவருக்கு நன்றி. ஆனால் அந்தப் பட்டியலை மாற்றியே ஆக வேண்டும். "ஒரே வீட்டில் வாழ்ந்த உறவினர்" என்று இன்னொரு வரி சேர்த்தால் முடிந்தது. தமிழ்க் குடும்பங்கள் மட்டும் கேட்பதில்லை இது, மகளோடு படித்த சுலு இனப் பிள்ளைகளில் பலர் சித்தி கையில் வளர்ந்தவர்கள்தான்.

பெற்றோர்களுக்குக் கசப்பான விதி ஒன்று இருக்கிறது, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். 18 வயது முடிந்த பிள்ளையின் மார்க்கைப் பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்பார்கள், 2021 ஜூலையிலிருந்து எல்லா நிறுவனங்களும் அதன்படி நடக்க வேண்டும். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவர் "ஃபீஸ் கட்டுவது நான், மார்க் சொல்ல மாட்டீர்களா" என்று சத்தம் போட்டார். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக, "அங்கிள், மகன் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இப்போதே சொல்கிறேன்" என்றாள். அதுதான் சரி. பிள்ளையிடம் நேராகக் கேட்டு, பிள்ளை நம்மிடம் நேராகச் சொல்கிற பழக்கம் வர வேண்டும். ஃபெயிலானதை வீட்டில் சொல்லப் பயந்து தவிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அலுவலகம் போன் செய்து அப்பாவிடம் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காப்பியடித்தல் பற்றிய அத்தியாயம் பலவீனம். காப்பியைக் கண்டுபிடிக்கிற டர்னிட்டின் மென்பொருளில் ஒற்றுமை 20 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே ஒழுங்குக் குழுவுக்குப் போகும் என்று இருக்கிறது. அக்கவுண்டிங் அசைன்மென்டில் கேள்வித்தாளையும் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும், எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே அட்டவணை, அதிலேயே 20 தாண்டிவிடும். வகுப்பில் பாதிப் பேருக்குக் கடிதம் வந்தது. பேராசிரியர் தலையிட்டுச் சரிசெய்தார், ஆனால் விதி இன்னும் அப்படியே இருக்கிறது. 2023ல் ஏ.ஐ. பற்றி ஒரு பத்தி சேர்த்தார்கள், கண்டுபிடிப்பு மென்பொருள் சொன்னால் அதுவே சான்று என்கிற மாதிரி. அது ஆபத்து. கேப் டவுன் பல்கலைக்கழகம் டர்னிட்டினின் ஏ.ஐ. கண்டுபிடிப்புக் கருவி நம்பத்தக்கதாக இல்லை என்று 2025 அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டது. இவர்களும் அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும். அதுவரை உங்கள் பிள்ளை அசைன்மென்டை எழுதும்போது ஒவ்வொரு வரைவையும் தேதியோடு சேமித்து வைக்கட்டும்.

விடைத்தாளை இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள், இது எல்லா இடத்திலும் கிடைக்காத வசதி. மறு மதிப்பீட்டுக்குக் காசு, மார்க் கூடினால் காசு திரும்ப வரும். நியாயம்தான். ஃபீஸ் பாக்கி இருந்தால் மார்க்கை ஆன்லைனில் காட்டுவார்கள், சான்றிதழ் மட்டும் தர மாட்டார்கள். மார்க்கையே மறைக்கிற இடங்களோடு பார்த்தால் இது பரவாயில்லை.

பின்தங்குகிற பிள்ளைகளைக் கவனிக்கிற விதத்தில் மட்டும் அரசுப் பல்கலைக்கழகம் ஒரு படி மேல். குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவரின் நிலையையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று குறிக்கிறார்கள். ஆரஞ்சுக்கு வந்தவுடனே ஆலோசனைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், சிவப்புக்குப் போகும் முன் பிடித்துவிடலாம். இந்தக் கல்லூரியில் எச்சரிக்கைக் கடிதம் செமஸ்டர் முடிந்து மார்க் வந்த பிறகுதான் வருகிறது. தூண் விழுந்த பிறகு முட்டுக் கொடுத்து என்ன லாபம்?

கல்லூரி மாறுவது பற்றி ஒரு பக்கம்தான் இருக்கிறது, அதுவும் தெளிவில்லை. எந்த மாட்யூலுக்குக் கிரெடிட் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது நீங்கள் போய்ச் சேர்கிற இடம். நடுவில் மாறும் எண்ணம் இருந்தால் மாட்யூல் விவரக் கையேடுகளை வருடா வருடம் சேமித்து வையுங்கள், பிற்பாடு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

மகனுக்கு இந்த வருடம் மெட்ரிக். நான்கு பாடத்தில் 50 எடுத்துப் பட்டப்படிப்புத் தகுதியோடு வந்தால் முதலில் அரசுப் பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பம். அங்கே இடம் கிடைக்காவிட்டால் இதே கல்லூரியில் சேர்ப்பேனா என்று என் நாத்தனார் கேட்டார். ஆசிரியர்களுக்காகச் சேர்ப்பேன். ஆனால் அப்பீலுக்குப் பதில் சொல்ல 7 வேலை நாள் என்று கல்லூரிக்கும் ஒரு கெடு வைக்கச் சொல்லி, தனித் தேர்வில் தவறினாலும் சப் உண்டு என்று சேர்க்கச் சொல்லி, மாணவர் பேரவை மூலமாக மகள் கொடுத்த மனு கல்விக் குழுவின் முன்னால் இருக்கிறது. அடுத்த பிப்ரவரிப் புத்தகத்தில் அந்த இரண்டு வரியும் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டெபாசிட் கட்டுவேன். வந்திருந்தால் இங்கேயே மதிப்பெண்ணையும் மாற்றி எழுதுகிறேன்.